மூன்றாம் நாள்: அருவி

மூன்று நாள், இரண்டு இரவு.
ஏரி, காடு, அருவி. சாப்பாடு தனி.
கானாடுகாத்தான் விடுதியின் வழவழ அட்டையில்
இப்படி அச்சடித்தவர் கூடலூர்க்காரர்.
வேலையை விட்டுப் போய்விட்டார்.
அட்டை இன்னும் நானூறு மிச்சம்.
வண்டி என்னுடையது.
ஆக, அருவிக்கு நான்தான் பொறுப்பு.

திருப்பூரிலிருந்து வந்தார்கள்
குமாரவேலன், பூங்கொடி,
பின் இருக்கையில்
மஞ்சள் செருப்புக் கால்களை ஆட்டியபடி நிறைமதி.
கார்த்திகை மழை ஒரு வாரமாய் விட்டுவிட்டு.
"ஏரி எவ்வளவு தூரம்?"

எங்கள் பக்கம் ஏரி என்று யாரும் சொல்வதில்லை.
கம்மாய் உண்டு, ஊருணி உண்டு,
மாடு இறங்க ஒன்று, குடம் இறங்க ஒன்று.
இருந்தாலும் ஏரி என்றே சொன்னேன்.
டீசலுக்குக் கொடுப்பவர் சொல்லே சொல்.

வேட்டங்குடி.
பெயரில் வேட்டையை வைத்துக்கொண்டு
தீபாவளிக்கும் வெடி போடாத பக்கம்.
இடுப்பளவு நீரில் நின்ற கருவேல மரமெல்லாம்
வேட்டி காயப்போட்டது போல் நாரைகள்.
குமாரவேலன் தொலைநோக்கியைத் துடைத்தார், பார்த்தார்,
மறுபடி துடைத்தார்.
"அதுக்கு ஏன்ப்பா வாய் மூடவே மாட்டேங்குது?"
நத்தைகொத்திக்கு அலகு அப்படித்தான், நடுவில் சந்து.
பிள்ளை தன் வாயை அதுபோல் வைத்துப் பார்த்தது.

அதன் சட்டைப் பையில்
தீபாவளி மிச்சம் ஒரு பொட்டுத் துப்பாக்கி.
சுண்டல் விற்ற அம்மா
பேசவில்லை, கையை மட்டும் நீட்டினார்.
கிளம்பும்போது அதே கையில்
துப்பாக்கியும் ஒரு பொட்டலம் சுண்டலும்.
காசு வேண்டாமாம்.
பூங்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தார், நம்பாமல்.

இரண்டாம் நாள், காடு.
"ஊட்டி வாசம்!" கண்ணாடியை இறக்கினார்கள்.
தைல மரம்.
காகித ஆலைக்கென்று நட்டது.
வரிசை பிசகாது, கீழே புல் முளைக்காது.
ஒரு காட்டுக்கு இவ்வளவு ஒழுக்கம் ஆகாது.
சொல்லியிருக்கலாம்.
வெட்டுக்கு நம்பர் போட்ட மரத்தில் சாய்ந்து
மூவரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நாற்பத்தேழாம் நம்பர்.
முகமெல்லாம் நன்றாக இருந்தது.

அன்றிரவு தூக்கம் இல்லை.
குற்றாலம் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து.
அவர்களுக்கோ சாயங்காலம் ரயில்.
காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?
வண்டிக்குக் காய்ச்சல்?

விடிகாலையில் மைத்துனன் ஆரோக்கியம் போன் செய்தான்.
"மாப்ளே, கம்மா மறுகால் போகுது,
கெண்டை எதிரேறுது.
கையில கிடைக்கிறதை எடுத்துட்டு ஓடியா."
நான் இவர்களை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கலுங்கில் ஊரே நின்றது.
கொசுவலை, பழைய சேலை, அரிசிச் சாக்கு,
ஒருவர் கையில் கவிழ்த்த குடை.
இரண்டடி உயரம்.
செம்மண் கரைத்த தண்ணீர், டீ நிறத்தில்,
கல்லைத் தாண்டி விழுந்து
தன் சத்தத்தில் தானே பேசிக்கொண்டிருந்தது.

குமாரவேலன் பார்த்தார்.
"இதுவா?"
"இதுதான் சார்."
அட்டையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
மழையில் அது தெரியாது.

அதற்குள் பிள்ளை முட்டளவு இறங்கியாயிற்று.
பின்னாலேயே பூங்கொடி, துப்பட்டாவை விரித்து.
ஒரு கெண்டை விழுந்த தண்ணீரிலேயே ஏறியது,
வழுக்கியது, மறுபடி ஏறியது,
மூன்றாம் தடவை துப்பட்டாவுக்குள்.
அந்த அம்மா கத்திய கத்தலில்
கரை மடையான்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.
"விட்றாதீங்க, வாலைப் பிடிங்க!"
குமாரவேலன் பேன்டோடு இறங்கினார்.

நிறைமதியின் செருப்பு ஒன்று போய்விட்டது.
"அழாதே தாயி," என்றான் ஆரோக்கியம்,
"இந்தத் தண்ணி நேரே கீழக் கம்மாய்க்குத்தான் போகும்.
அங்க இறங்கிக்கும்."
"அது நிறைஞ்சுட்டா?"
"அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு."

ரயிலுக்கு வெறுங்காலோடுதான் ஏறியது.
வண்டியில் மீன் வாசம் போகவில்லை.
இருக்கைக்கு அடியில் மற்றதொரு மஞ்சள் செருப்பு.
வெயில் வரட்டும்,
கீழக் கம்மாய்ப் பக்கம் ஒரு நடை போக வேண்டும்.